உறைபனியும் எள்ளுப் பயிரும்

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் பெருந்தெருவில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே அமைந்திருப்பது முருங்கன். அவ்வூர் மண் கரிய களிமண். மாரி மழையில் அது நீரைக் குடித்து வீங்கி, நடப்பவர் காலைப் பற்றிக்கொள்ளும். கோடையிலோ காய்ந்து சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். இலங்கையின் மண் வகைகளை ஆராய்ந்தோர் இத்தகைய மண்ணுக்கு எடுத்துக்காட்டாக முருங்கன் பகுதியைக் குறிப்பிடுவது வழக்கம். பெரும்போக நெல் அறுவடையான பின்னர், மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் இடையிடையே பெய்யும் மழையையும் நம்பி விதைக்கப்படும் சிறு பயிர்களுள் எள்ளும் ஒன்றாகும்.

இந்த எள்ளுப் பயிர் உறைபனியைக் கண்டதில்லை. தை மாதத்து விடியற்காலையிலும் மன்னார்க் கரையில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அவ்வாறிருக்க, குளிர்நாட்டு எண்ணெய்ப் பயிர்கள் உறைபனியை எவ்வாறு தாங்குகின்றன என்னும் ஆராய்ச்சியால் முருங்கன் கமக்காரருக்கு ஆவதென்ன என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. ஆயினும், பனியில் மடியும் பயிரின் உள்ளே நிகழ்வது யாது என்று நுணுகிப் பார்த்தால், அதற்கும் முருங்கன் கோடையில் வாடும் பயிருக்கும் உள்ள உறவு புலனாகும்.

உறைபனி நமக்கு முற்றிலும் அயலானதன்று. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில், தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நிலத்தின் மீது வெண்பனி படிவதுண்டு. மறுநாள் வெயில் ஏறியதும் உருளைக்கிழங்குச் செடியும் தேயிலைக் கொழுந்தும் தீய்ந்தாற்போலக் கருகிப்போகும். தமிழகத்தில் உதகமண்டலத்தார் இதனை நன்கு அறிவர். வட இந்தியச் சமவெளியிலோ இது எண்ணெய்ப் பயிரின் பெருந்துன்பமாகும். இராசத்தான், அரியானா முதலிய மாநிலங்களில் ஐப்பசியில் விதைக்கப்படும் கடுகு, மார்கழி, தை மாதங்களில் பூத்துக் காய் பிடிக்கின்றது. அவ்வேளையில் ஓரிரவு உறைபனி விழுந்தாற் போதும்; காய்க்குள்ளே விதை சுருங்கிச் சாவியாகிவிடும். ஆகவே பனி விழும் என்று தோன்றும் மாலையில் அந்நாட்டு உழவர் வயலுக்குச் சிறிதளவு நீர் பாய்ச்சுவர். வரப்போரம் சருகைக் கொளுத்திப் புகை மூட்டுவர். ஈரமண் பகல் வெப்பத்தைச் சேமித்து வைத்து இரவில் மெல்ல விடுவிப்பதால் பயிர் ஓரளவு காக்கப்படுகின்றது. கடுகுப் பயிருக்கெனவே இராசத்தானத்துப் பரத்பூரில் 1993ஆம் ஆண்டு ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

ஐரோப்பாவில் ரேப் என்றும் கனடாவில் கனோலா என்றும் வழங்கும் எண்ணெய்ப் பயிரும் கடுகின் உறவினமே. ஐரோப்பிய உழவர் இதனை இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் விதைக்கின்றனர். செடி இலை விட்டு, பனிக்காலம் முழுவதையும் வயலிலேயே கழித்து, வேனிலிற் பூத்து, ஆடி மாதமளவில் அறுவடைக்கு வருகின்றது. கனடாவில் பெரும்பாலும் வசந்தத்தில் விதைப்பர். அங்கே முளைக்கும்போதும் பனி, முற்றும்போதும் பனி. முற்றாத விதையைப் பனி தாக்கினால் அதன் பச்சை நிறம் மறையாது விதையினுள்ளேயே தங்கிவிடும். அவ்விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் பச்சை படர்ந்து விலை குன்றும்.

இனி, பனி பயிரை எவ்வாறு கொல்லுகின்றது என்பதைக் காணலாம். செடியின் உடல் எண்ணிறந்த கலங்களால் ஆயது. தமிழகத்தார் உயிரணு என்று கூறுவதே இந்தக் கலம். கலத்துக்குள் இருக்கும் நீரிலே உப்பும் வெல்லமும் பிறவும் கரைந்துள்ளன. கலங்களுக்கு வெளியே, அவற்றின் இடைவெளிகளில் உள்ள நீரோ அத்தனை செறிவுடையதன்று. செறிவு குறைந்த நீரே முதலில் உறையும். ஆதலால் பனிக்கட்டி முதன்முதல் தோன்றுவது கலத்துக்கு வெளியிலேதான். தோன்றிய பனிக்கட்டி கலத்தினுள் இருக்கும் நீரைத் தன்பால் இழுக்கத் தொடங்குகின்றது. நீர் சொட்டுச் சொட்டாக வெளியேறிப் பனிக்கட்டியோடு சேர்கின்றது. பனிக்கட்டி பருக்கக் கலம் வற்றுகின்றது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக்கு இறங்குமாயின், இவ்வாறு வெளியேறத்தக்க நீரில் 90 வீதத்துக்கு மேல் வெளியேறிவிடும் என்று கணித்துள்ளனர்.

மன்னார்க் கடற்கரையில் மீனைப் பிளந்து உப்பிட்டுக் கருவாடு போடுவோருக்கு இது புதிதன்று. உப்பு மீனின் உடம்பிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகின்றது. மீன் நெருப்பையும் காணாது, வெயிலையும் பெரிதாகக் காணாது, உப்பினாலேயே வற்றத் தொடங்குகின்றது. உப்பு அங்கே செய்யும் வேலையைப் பனிக்கட்டி செடியினுள்ளே செய்கின்றது. எனவே உறைபனியில் இறக்கும் செடி பெரும்பாலும் குளிரினால் இறக்கவில்லை, தாகத்தினால் இறக்கின்றது. சுற்றிலும் நீர் உறைந்து கிடக்க, அந்நீர் தனக்குப் பயன்படாமல் வறண்டு மடிகின்றது. நுவரெலியாக் கிழங்குத் தோட்டத்தின் இலை தீய்ந்ததுபோலத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

வற்றும் கலத்திற் பெருங்கேடு அடைவது அதனைச் சுற்றியுள்ள மென்சவ்வு ஆகும். இந்தச் சவ்வு கொழுப்புப் பொருளால் ஆனது. கொழுப்பின் இயல்பை அடுக்களையிலேயே காணலாம். தேங்காயெண்ணெய் 24 பாகையளவிலேயே கட்டிபட்டுவிடும். மலைநாட்டு வீடுகளில் காலையில் போத்தலை வெயிலில் வைத்து இளக்குவதுண்டு. நல்லெண்ணெயோ அக்குளிரில் நீர்போலவே இருக்கும். தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நிரம்பியவை. நேராக நெருங்கி அடுங்கும். எள்ளெண்ணெயின் அமிலங்கள் பெரும்பாலும் நிரம்பாதவை. இடையிடையே வளைந்திருப்பதால் நெருங்கி அடுங்க மாட்டா. குளிர் வருவதை உணர்ந்த செடி தன் மென்சவ்வின் கொழுப்பிலே நிரம்பாத அமிலங்களின் பங்கைக் கூட்டுகின்றது. அதற்கான நொதியங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் அதனிடம் உள்ளன. விதையில் எண்ணெயின் தரத்தை நிருணயிக்கும் அதே வகை நொதியங்களே இலையின் சவ்வை இளக்கமாக வைத்திருக்கவும் உதவுகின்றன.

இங்கே பரம்பரையலகு என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். தமிழகத்தில் மரபணு என்று வழங்கும் இதனை, கலத்தினுள் எழுதி வைக்கப்பட்ட ஓர் ஆணையோலை எனலாம். ஒவ்வோர் ஓலையும் ஒரு புரதத்தை ஆக்கும் முறையைக் கூறும். ஒரு செடியின் எல்லாக் கலங்களிலும் எல்லா ஓலைகளும் இருக்கும். ஆனால் எல்லாம் எப்பொழுதும் வாசிக்கப்படுவதில்லை. எந்த வேளையில் எந்த ஓலை வாசிக்கப்படுகின்றது என்பதிலேதான் உயிரின் திறமை அடங்கியுள்ளது.

குளிர்நாட்டுப் பயிர்களிடம் ஒரு வியப்பான இயல்பு உண்டு. ரை என்னும் தானியப் பயிரைக் கதகதப்பான அறையில் வளர்த்து, திடீரென உறைபனியில் வைத்தால், பூச்சியத்துக்குக் கீழே 5 பாகையளவிலேயே அது இறந்துபோகும். அதே பயிரைச் சில வாரங்கள், உறையாத இளங்குளிரில் வைத்துப் பழக்கிய பின்னர், பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரையிலும் அது தாங்கும். இளங்குளிர் கடுங்குளிருக்கு முன்னறிவிப்பாகின்றது. அந்த இடைவேளையிற் செடி தன்னை ஆயத்தம் செய்துகொள்ளுகின்றது. இவ்வாயத்தத்தின்போது பரம்பரையலகுகளின் வாசிப்பே மாறுதல் கூடும் என்று வைசர் என்னும் அமெரிக்க அறிஞர் 1970ஆம் ஆண்டிற் கருத்துத் தெரிவித்தார். 1985இல் ஸ்பினாச்சுக் கீரையை ஆராய்ந்த சார்ல்சு கை என்பவரும் அவருடைய துணைவரும் அது மெய்யே என்று காட்டினர்.

பின்னர் ஆராய்ச்சி கடுகுக் குடும்பத்தின் பக்கம் திரும்பிற்று. அராபிடொப்சிசு என்னும் சிறு களை கடுகின் நெருங்கிய உறவு. விரைவில் வளர்ந்து விரைவில் விதை தருவது. மைக்கேல் தொமாசோ என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தார் 1997இல் அக்களையில் ஒரு தலைமைப் பரம்பரையலகைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதற்கு சி.பி.எப். என்பது பெயர். செடி குளிரிற்பட்ட கால்மணி நேரத்துக்குள் இது விழித்தெழுகின்றது. எள் என்னுமுன் எண்ணெயாய் நிற்பது என்பார்களே, அத்தகைய விரைவு. விழித்தெழுந்ததும், தான் ஆக்கிய புரதத்தை அனுப்பி, வேறு பல பரம்பரையலகுகளை வாசிக்கச் செய்கின்றது. சில மணி நேரத்துள் அவை வேலையைத் தொடங்குகின்றன. சில, வெல்லத்தையும் புரோலின் என்னும் பொருளையும் கலத்துள்ளே பெருகச் செய்து நீரைப் பிடித்து வைக்கின்றன. சில, நீரை மிக விரும்பும் புரதங்களை ஆக்குகின்றன; அப்புரதங்கள் வற்றும் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிதையாதபடி காக்கின்றன.

அந்தத் தலைமைப் பரம்பரையலகை எழுப்புவது எது என்னும் கேள்வி அடுத்து எழுந்தது. 2003ஆம் ஆண்டில், விசுவநாதன் சின்னுசாமி என்னும் இந்திய விஞ்ஞானி, அமெரிக்காவில் சியான்-காங் சூ என்பவரின் ஆய்வுக்கூடத்திலிருந்து, ஐ.சி.ஈ. 1 என்னும் புரதமே அதனை எழுப்புகின்றது என்று எழுதினார். அப்புரதம் வெப்பமான நாளிலும் கலத்தில் இருந்துகொண்டே இருக்கும். குளிர் வந்ததும் வேலைக்கு எழும். 2020இல் யப்பானிய ஆய்வாளர் இம்முடிவின் ஒரு பகுதியை மறுத்தனர். வேறு புரதங்களுக்கும் அவ்வேலையிற் பங்குண்டு என்பது இன்று தெளிவு. தலைமைப் பரம்பரையலகு உண்டென்பதிலோ அதன் பணியிலோ ஐயமில்லை. அதனை எழுப்பும் கை ஒன்றா பலவா என்பதே வழக்கு. 2001இல், அராபிடொப்சிசின் சி.பி.எப். பரம்பரையலகைக் கனோலாச் செடியிற் புகுத்தியபோது, அச்செடி முன்னிலும் மிகுதியான உறைபனியைத் தாங்கிற்று. கனோலாவிடம் அதற்குச் சொந்தமான அத்தகைய பரம்பரையலகுகள் இருந்ததும் அவ்வாய்விலேயே புலனாயிற்று.

முருங்கன் வயலுக்கு இவ்வாராய்ச்சி வந்து சேரும் வழி யப்பானில் திறந்தது. கசுக்கோ யமகுச்சி-சினோசாக்கி, கசுவோ சினோசாக்கி ஆகிய இருவரும் குளிரை நோக்கித் தொடங்கினாரல்லர். வறட்சியை நோக்கித் தொடங்கினர். வறட்சியிலே விழித்தெழும் பரம்பரையலகு ஒன்றின் வாயிலிற் பொறிக்கப்பட்டிருந்த, ஒன்பது எழுத்துக் கொண்ட குறுந்தொடர் ஒன்றை அவர்கள் 1994இல் கண்டறிந்தனர். அதுவே வறட்சியில் அந்த ஓலையைத் திறக்கும் பூட்டு. 1998இல் அந்தப் பூட்டைத் திறக்கும் இருவகைப் புரதங்கள் அகப்பட்டன. ஒருவகை குளிரில் எழுவது. மற்றொருவகை வறட்சியில் எழுவது. குளிரில் எழுவது தொமாசோ கண்ட சி.பி.எப். வகையே. காவலர் இருவர், அவர்கள் திறக்கும் கதவு ஒன்றே. 1999இல், குளிர்க்காவலனை மிகுதியாகப் பெற்ற அராபிடொப்சிசுச் செடிகள் உறைபனியோடு வறட்சியையும் உப்பையும் தாங்கின என்று அவர்கள் காட்டினர்.

இது தற்செயல் அன்று. உறைபனி நீரை வெளியே இழுக்கின்றது. வறண்ட மண் நீரைத் தர மறுக்கின்றது. உவர் மண்ணின் உப்பு நீரைப் பிடித்துக்கொள்ளுகின்றது. மூன்றும் கலத்துக்குத் தாகமே. பனியில் உறையும் ரேப் செடிக்கும், வெடித்த களிமண்ணில் நிற்கும் எள்ளுச் செடிக்கும் அடிப்படையில் வேண்டுவது ஒரே வகைக் காப்பு. ஆதலால் ஒன்றைப் பற்றிய அறிவு மற்றொன்றுக்கு வழிகாட்டுகின்றது.

எனினும் இவ்வழி எளிதானதன்று. தலைமைப் பரம்பரையலகை இரவு பகல் ஓயாது வேலை செய்ய வைத்த செடிகள் குட்டையாயின; காலந்தாழ்த்திப் பூத்தன. நெற்களஞ்சியத்துக்கு எந்நேரமும் பத்துக் காவலரை நிறுத்தினால், காவலர் உண்டே களஞ்சியம் தீர்ந்துபோகும். செடி தன் உணவைத் தற்காப்புக்குச் செலவிட்டால் விதைக்கும் எண்ணெய்க்கும் மிஞ்சுவது குறையும். எனவே யப்பானியர் அப்பரம்பரையலகை எப்பொழுதும் விழித்திருக்கச் செய்யாமல், துன்பம் வந்தபோது மாத்திரம் விழிக்கும்படி அமைத்தனர். அப்போது குட்டைத்தன்மை பெரிதும் நீங்கிற்று. திறமை எத்துணை உண்டு என்பதைவிட, அதனை அழைக்கும் வேளை எது என்பதே பயிருக்குப் பெரிது என்பது இதனால் விளங்கும்.

எள்ளிடம் இத்திறமை உண்டா என்பது அடுத்த கேள்வி. 2014ஆம் ஆண்டிலே சீன விஞ்ஞானிகள் எள்ளின் பரம்பரைத் தொகுதியை முழுதும் வாசித்து, அதில் 27,148 பரம்பரையலகுகளை எண்ணினர். குளிர்க்காவலரும் வறட்சிக்காவலரும் சேர்ந்த பெருங்குடும்பத்தின் உறுப்பினர் எள்ளிலும் உள்ளனர். வேரூன்றிய எள் வறட்சியை ஓரளவு தாங்குவது கமக்காரர் அறிந்ததே. அதன் பகை வேறொன்று. அது தேங்கும் நீர். முருங்கன் களிமண்ணிலே எதிர்பாராத மழை ஒன்று பெய்து, நீர் வடியாமல் இரண்டு மூன்று நாள் நின்றால், வேருக்குக் காற்றில்லாது எள் மஞ்சளித்துச் சரிந்துவிடும். வறட்சிக்கு ஆயத்தமான செடி வெள்ளத்தில் வீழ்கின்றது. மழை பெய்யும் காலம் முன்போல ஒழுங்காயிராத இந்நாளில் இவ்விடர் சிறிதன்று.

இதற்கும் ஆராய்ச்சி ஒரு நம்பிக்கையைத் தருகின்றது. வெள்ளத்துள் இரண்டு வாரமளவு மூழ்கியிருந்தும் பிழைக்கும் நெல்லின் இரகசியம் 2006இல் வெளிப்பட்டது. ஒடிசாவின் பழைய நெல்லினம் ஒன்றில் இருந்த சப்-1 ஏ என்னும் பரம்பரையலகே அதற்குக் காரணம். அது, மூழ்கிய பயிர் வீணே நெடிது வளர்ந்து உணவைத் தீர்த்துவிடாமல் அடக்கி வைக்கின்றது. குளிர்க்காவலர் சேர்ந்த அதே பெருங்குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்தது இது. வெள்ளத்தைத் தாங்குவனவாக அறியப்பட்ட நெல்லினங்களுள் குர்க்கருப்பன், கொட ஹீனட்டி முதலிய இலங்கை இனங்களும் இருந்தன. உயர்ந்த விளைச்சல் தராதவை என்று ஒதுக்கப்பட்ட பழைய விதைகளிலேதான் இத்திறமை தங்கியிருந்தது என்பதை மறத்தலாகாது.

எள்ளுக்கு அத்தகைய செல்வம் எங்கே உள்ளது? ஓரளவு மகா இலுப்பள்ளமையிலும் கன்னொறுவையிலும் உள்ளது. மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்தார் எம்.ஐ. என்னும் முன்னெழுத்துக்களோடு எள்ளினங்களை வெளியிட்டுள்ளனர். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் 1988இல் யப்பானிய உதவியுடன் நிறுவப்பட்ட தாவர மரபுவள நிலையம் நாட்டின் பயிர் விதைகளைக் குளிரறைகளிற் பேணி வருகின்றது. மற்றோரளவு கமக்காரர் வீட்டு அடுக்குப் பானைகளில் உள்ளது. ஒரு வயலில் நீர் தேங்கி எல்லாச் செடியும் சாய்ந்தபோது, நிமிர்ந்து நின்ற நான்கு செடியின் விதையைத் தனியே எடுத்து வைக்கும் கமக்காரர், பரம்பரையலகு என்னும் சொல்லை அறியாவிடினும் அதனைத் தெரிந்தெடுத்தவரே ஆவர். அவ்விதையை அரசாங்கக் கமத்தொழில் போதனாசிரியரிடம் காட்டினால் அது ஊரின் எல்லை கடந்தும் பயன்படும். புதிய இனம் உருவாகும் வரையில், வரம்போரம் வடிகால் வெட்டுவதும், மேடைப் பாத்தி கட்டி விதைப்பதும் களிமண் வயலுக்கு உற்ற காப்பாகும்.

எள்ளுச் செடியைப் பூச்சியத்துக்குக் கீழான குளிரில் வைத்தால் ஓரிரவிலே கூழாகிவிடும். ஆனால் அச்செடி தந்த விதையை நன்கு உலர்த்திக் குளிரறையில் வைத்தால், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையிலும் பல ஆண்டு உயிரோடிருக்கும். காரணம் என்ன? விதை முற்றும்போது தானாகவே வற்றுகின்றது; வற்றும்போது சவ்வுகளைக் காக்கும் புரதங்களைத் தானே ஆக்கிக்கொள்ளுகின்றது. அத்தகைய புரதங்கள் முதலில் விரிவாக ஆராயப்பட்டது பருத்தி விதையிலே. குளிர் பழகிய அராபிடொப்சிசின் இலையில் எழும் காப்புப் புரதங்கள் பலவும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஆகவே தாகத்தைத் தாங்கும் ஓலை எள்ளிடம் எழுதப்பட்டே இருக்கின்றது. விதையிலே அது வாசிக்கப்படுகின்றது. இலையிலும் வேரிலும் வேண்டிய வேளையில், வேண்டிய அளவுக்கு வாசிக்கப்படுவதில்லை. அந்த வேளையை அறிந்து அழைக்கும் வழியைத் தேடுவதே ஆராய்ச்சியாளரின் பணி. அவ்வழி தென்படும் நாளில் கைக்கு எட்டும்படி பழைய விதைகளை அழியாது காப்பது முருங்கன் முதலான ஊர்களின் பணியாகும்.